‘குண்டுதான், அதுக்கென்ன?’: மெரிலின் வான் யார், என்ன செய்தார்?

கேள்வி இது: “அமெரிக்காவில் ஃபேட் ஆக்செப்டன்ஸ், அதாவது குண்டானவர்களை அப்படியே ஏற்கச் சொல்லும் இயக்கம் ஒன்று இருக்கிறதாமே, அதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் மெரிலின் வான் என்ற பெயர் வருகிறது. யார் இவர்? எல்லோரும் குண்டாக இருங்கள் என்கிறாரா? அது உடம்புக்குக் கெடுதல் இல்லையா? படிக்க வேண்டுமென்றால் எதில் ஆரம்பிக்கலாம்?”

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். மறுக்கமாட்டேன், பதில் கீழே வரும். ஆனால் அந்தக் கேள்வி எந்த இடத்தில் கேட்கப்பட வேண்டும், எந்த இடத்தில் கேட்கப்படக் கூடாது என்று பிரித்துக் காட்டியதுதான் வான் செய்த வேலை. அதனால் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வான் சான் பிரான்சிஸ்கோக்காரர், ஸ்டான்ஃபோர்டில் படித்தவர். சிறுவயதிலிருந்தே குண்டு. அதைப் பற்றிப் பேசாமலே, பேச்சு வந்தால் நழுவியே, இருபதுகளின் பாதி வரை காலம் தள்ளியிருக்கிறார். 1993இல் ஒரு நாள். பின்னாளில் அவரே பல மேடைகளில் அதை ‘மோசமான நாள்’ என்று பெயர் வைத்துச் சொல்லியிருக்கிறார். அப்போது பழகிக்கொண்டிருந்த ஆள், “நீ குண்டாக இருப்பதால் என் நண்பர்களிடம் உன்னை அறிமுகப்படுத்தக் கூச்சமாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டார். சரி, வீட்டுக்கு வந்தால் தபாலில் ஒரு கடிதம். மருத்துவக் காப்பீடு கேட்டு விண்ணப்பித்திருந்தார், மறுத்துவிட்டார்கள். காரணம் ‘மார்பிட் ஒபீஸிட்டி’, அதாவது நோயளவுக்கு மிஞ்சிய பருமன். அவருக்கு அப்போது எந்த நோயும் கிடையாது. எடை ஒன்றே போதுமான காரணமாக இருந்தது.

இந்த இரண்டாவது அடிக்கு ஒரு முன்கதை உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் வானின் கோபம் புரியாது. ‘உங்கள் உயரத்துக்கு இவ்வளவு எடைதான் இருக்க வேண்டும்’ என்று டாக்டர் அறைகளில் தொங்கும் அட்டவணை இருக்கிறதே, அமெரிக்காவில் அதைப் பரப்பியது ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம். மெட்ரோபாலிட்டன் லைஃப் 1940களின் தொடக்கத்தில் வெளியிட்ட உயர-எடை அட்டவணைதான் பல தலைமுறைகளுக்கு அங்கே ‘சரியான எடை’யாக இருந்தது. பாலிசி எடுத்தவர்களின் கணக்கை வைத்துப் போட்டது அது. அப்புறம் வந்த பிஎம்ஐக்கும் (எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) மூலம் மருத்துவம் இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே என்ற வானியலாளர், 1830களில் ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று கணக்குப் போடுவதற்காக உருவாக்கிய சூத்திரம். அதற்கு 1972இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க உடலியல் ஆய்வாளர் இன்றைய பெயரைச் சூட்டினார். தனி மனிதரை அளக்க அல்ல, கூட்டத்தை அளக்க வந்த கோல். அந்தக் கோலை வைத்துத்தான் ஒரு தனி மனுஷிக்குக் கதவைச் சாத்தினார்கள்.

அமெரிக்காவில் காப்பீடு இல்லாமல் இருப்பது என்றால் ஓர் எலும்பு முறிவு போதும், சேமிப்பு காலி. ஆக ஒரே நாளில், அவரைப் பிறர் பார்வையிலிருந்து மறைத்து வைக்க ஒருவர் விரும்பினார், ஆபத்தில் கைவிட இன்னொருவர் தயாராக இருந்தார். இரண்டுக்கும் காரணம் ஒன்று. இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தது தன்னைக் காப்பாற்றவில்லை என்று அன்றைக்கு அவருக்கு உறைத்தது.

வேறு யாராவது என்றால் அழுதுவிட்டு டயட்டில் சேர்ந்திருப்பார்கள். இவர் ஒரு சிறுபத்திரிகை ஆரம்பித்தார். 1994இல். பெயர் ‘ஃபேட்! ஸோ?’ தன் உருவத்துக்காக மன்னிப்புக் கேட்காதவர்களுக்கான பத்திரிகை என்று அட்டையிலேயே அறிவிப்பு. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் போட்டுத் தபாலில் அனுப்பும் ‘ஸீன்’ பத்திரிகைகள் ஒரு பெரிய அலையாக இருந்தன. நம்முடைய சிறுபத்திரிகைக் காலத்தை நினைத்துக்கொள்ளலாம், கடுகடுப்பைக் கழித்துவிட்டு.

அந்தத் தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘குண்டுதான், அதுக்கென்ன?’ என்று நான் வைத்துக்கொள்கிறேன். ‘பருமனானவர்’ என்றெல்லாம் மெருகேற்றினால் அவர் சொன்னதே காணாமல் போய்விடும். வான் கேட்பது இதுதான்: ‘ஓவர்வெயிட்’ என்கிறீர்களே, எதற்கு மேல்? யாருடைய எடைக்கு மேல்? அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு ‘சரியான எடை’ ஒளிந்திருக்கிறது. ‘ஒபீஸ்’ என்பது ஆளையே நோயாளி ஆக்கிவிடுகிறது. அதனால் அவருக்கு ‘ஃபேட்’ போதும். குட்டை, நெட்டை, சுருட்டை முடி மாதிரி அதுவும் ஒரு வர்ணனை, அவ்வளவுதான். தமிழில் இதைச் சொல்வது இன்னும் கஷ்டம். நமக்குக் கொழுப்பு என்றால் உடம்பில் இருப்பதும் அதுதான், திமிரும் அதுதான். ‘உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி’ என்று ஒல்லியான பையனைத் திட்டுகிறோம். வானிடம் இதைச் சொல்லியிருந்தால், இரண்டு அர்த்தத்திலும் எனக்கு உண்டு என்று சந்தோஷமாக ஒப்புக்கொண்டிருப்பார் என்று தோன்றுகிறது.

பத்திரிகை 1998இல் அதே பெயரில் புத்தகமானது. கலிஃபோர்னியாவின் டென் ஸ்பீட் பிரஸ் வெளியிட்டது. சுயமுன்னேற்ற நூல் மாதிரியும் இல்லை, ஆய்வு நூல் மாதிரியும் இல்லை. பொட்டலம் பிரித்தது போல் இருக்கும். கட்டுரை, வாசகர் கடிதம், கேலி, படங்கள். எனக்குப் பிடித்தது ‘உடற்கூறு பாடம்’ என்று வரும் பக்கங்கள். பாடப்புத்தகம் மாதிரியே தலைப்பு, கீழே புட்டங்கள், தொப்பைகள், மேல்கைச் சதை, இரட்டைத் தாடைகள் என்று வரிசையாகப் படங்கள். முகம் இல்லாமல் குண்டு உடம்பின் துண்டுகளை மட்டும் காட்டுவது டிவி செய்திகளின் பழக்கம். ‘பருமன் பெருகுகிறது’ என்று செய்தி வாசிக்கும்போது பின்னால் தலையில்லாத தொப்பைகள் நடந்துபோகும், பார்த்திருப்பீர்கள். வான் அதே துண்டுகளை எடுத்து, வெட்கப்பட வைக்கும் அந்தப் பார்வையை மட்டும் கழற்றிவிட்டார். பத்துப் படம் பார்த்த பிறகு அது வெறும் உடம்பாகிவிடுகிறது. இதை விளக்கி எழுதியிருந்தால் இருபது பக்கம் ஆகியிருக்கும், படித்திருக்கவும் மாட்டோம்.

அந்த 1998இல் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் ‘அதிக எடை’யின் தொடக்க எல்லையைத் திருத்தின. அதுவரை ஆண்களுக்கு பிஎம்ஐ 27.8, பெண்களுக்கு 27.3. இனி இருவருக்கும் 25. முந்தின நாள் இரவு சாதாரண எடையோடு படுத்த இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் காலையில் அதிக எடைக்காரர்களாக எழுந்தார்கள். ஒரு பொட்டு வெண்ணெய் கூடுதலாகச் சாப்பிடாமலே.

இந்த இயக்கத்தை வான் தொடங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 1967இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சுமார் 500 பேர் கூடி டயட் புத்தகங்களை எரித்தார்கள், ஒல்லி மாடல் ட்விக்கியின் படத்தையும் சேர்த்து. அதே வருடம் லூ லௌடர்பேக் என்ற எழுத்தாளர் ஒரு பிரபல வார இதழில் குண்டானவர்களுக்காக வாதாடி ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்த பில் ஃபேப்ரி என்ற இளம் பொறியாளர், குண்டான தன் மனைவி படும் அவமானத்தைப் பொறுக்க முடியாமல், 1969இல் ஒரு சங்கம் ஆரம்பித்தார். அதுதான் ‘நாஃபா’, இன்றும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் 1970களின் தொடக்கத்தில் ‘ஃபேட் அண்டர்கிரவுண்ட்’ என்ற தீவிரப் பெண்ணியக் குழு கிளம்பியது. ஜூடி ஃப்ரீஸ்பிரிட், அல்டபரான் என்ற இருவர் 1973இல் எழுதிய விடுதலை அறிக்கையில் டயட் தொழிலைப் பெயர் சொல்லி எதிரி என்றார்கள். டயட் என்பது இல்லாத நோய்க்குப் பலிக்காத மருந்து என்ற கோஷம் அவர்களுடையது. இவர்கள் எல்லோரும் வானுக்கு முன்னோர். ஆனால் சங்கத்துக்கு ஒரு கூச்சம் இருந்தது, அண்டர்கிரவுண்டுக்கு ஒரு கொதிப்பு இருந்தது. இரண்டுக்கும் வெளியே இருந்த சாதாரண குண்டு மனிதரைச் சிரிக்க வைத்து உள்ளே இழுத்தது வானின் கைவேலை.

கைவேலை என்று சும்மா சொல்லவில்லை. சாதாரண எடை மெஷின்களை வாங்கி, உள்ளே இருக்கும் எண் தட்டைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதில் பாராட்டு வார்த்தைகளைப் பொருத்தினார். ஏறி நின்றால் முள் சுற்றி ‘அழகு’, ‘அருமை’ என்கிற மாதிரி ஏதாவதொன்றில் நிற்கும். ‘யே! ஸ்கேல்’ என்று பெயர். நம்முடைய ரயில் நிலையத்து எடை மெஷின் ஞாபகம் வருகிறது. காசு போட்டால் அட்டையில் எடையோடு, ‘உன் உழைப்புக்குப் பலன் கிட்டும்’ என்று ஒரு ஜோசியமும் சேர்ந்து வரும். எண்ணை மறந்துவிட்டு அதைத்தான் எல்லோரும் படிப்பார்கள். வானின் மெஷின் அந்த எண்ணையும் நீக்கிவிட்டது. ஏறத் தயங்குகிறவர்கள், ஏறி முள்ளைப் பார்த்ததும் முகம் மாறுகிறவர்கள் என்று பலரைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். இதோடு, குண்டான பெண்கள் மட்டுமே கொண்ட ‘பேடட் லிலீஸ்’ என்ற நீர்நடனக் குழுவிலும் நீந்தினார்.

விளையாட்டுப் பிள்ளை வேலை என்று தோன்றலாம். எனக்கும் முதலில் தோன்றியது. 1999 பிப்ரவரியில் நடந்ததைப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

அந்த மாதம் ‘24 ஹவர் ஃபிட்னஸ்’ என்ற ஜிம் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய விளம்பரப் பலகை வைத்தது. ஒரு வேற்றுக்கிரகவாசியின் படம். பக்கத்தில், அவர்கள் வரும்போது குண்டானவர்களைத்தான் முதலில் தின்பார்கள் என்ற பொருளில் ஒரு வாசகம். வழக்கமாக இப்படி ஒன்று வந்தால் ஒரு கண்டன அறிக்கை விடுவார்கள், பத்திரிகையில் மூலையில் வரும், முடிந்தது. வானும் தோழிகளும் தோழர்களும் ஜிம் வாசலுக்கே போய், நடுத்தெருவில் ஏரோபிக்ஸ் செய்தார்கள். கையில் ‘என்னைத் தின்னு’ என்று அட்டைகள். குண்டானவர்கள் சோம்பேறிகள், உடற்பயிற்சி செய்யமாட்டார்கள் என்று நினைப்பவர்களின் வாசலிலேயே மூச்சு வாங்காமல் குதித்துக் காட்டினால், கேமரா எதைப் படம் பிடிக்கும்? நகரம் முழுக்கச் செய்தி ஆனது.

சிரிப்பு அங்கே நின்றிருந்தால் இந்தப் பதிலை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அது நகர மன்றம் வரை போனது. எடை காரணமாகப் பாகுபாடு உண்மையிலேயே நடக்கிறதா என்று பொது விசாரணை வைத்தார்கள். வேலை மறுக்கப்பட்டவர்கள், வீடு மறுக்கப்பட்டவர்கள், மருத்துவமனையில் அவமானப்பட்டவர்கள் வந்து சொன்னார்கள். மன்ற உறுப்பினர் டாம் அம்மியானோ சட்டத்தை முன்னெடுக்க, 2000 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவின் பாகுபாடு தடைச் சட்டத்தில் இனம், மதம், பாலினத்தோடு எடையும் உயரமும் சேர்ந்தன. வேலை, குடியிருப்பு, பொது இடங்கள் மூன்றுக்கும் பொருந்தும்.

இது முதல் சட்டம் இல்லை. மிச்சிகன் மாநிலம் 1976லேயே எடையையும் உயரத்தையும் தன் குடிமை உரிமைகள் சட்டத்தில் சேர்த்திருந்தது. கலிஃபோர்னியாவிலேயே சான்டா குரூஸ் 1992இல் செய்துவிட்டது. ஆனால் ஒரு ஜிம் விளம்பரத்துக்கு எதிராகத் தெருவில் ஆடியவர்கள் ஒன்றேகால் வருடத்தில் ஒரு பெருநகரத்தின் சட்டத்தைத் திருத்த வைத்தது இங்கேதான்.

சட்டம் காகிதத்தில் தூங்கவும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் 240 பவுண்டு எடை கொண்ட ஒரு ஏரோபிக்ஸ் ஆசிரியை இருந்தார். ஜாஸர்சைஸ் என்ற நடனப்பயிற்சி நிறுவனத்தில் பயிற்றுநராகச் சேர விண்ணப்பித்தபோது, தோற்றம் ‘ஃபிட்’டாக இல்லை என்று மறுத்துவிட்டார்கள். அவருக்கு ஆடத் தெரியும், கற்றுக்கொடுக்கத் தெரியும், வகுப்பு முடியும்வரை தம் கட்டி நிற்கவும் தெரியும். தோற்றம்தான் குறை. இந்தச் சட்டத்தின் கீழ் நகர மனித உரிமை ஆணையத்திடம் புகார் கொடுத்தார். 2002இல் அந்த நிறுவனம் தோற்ற விதியையே கைவிட்டது. வெவ்வேறு எடை உள்ளவர்களும் உடல் தகுதியோடு இருக்க முடியும் என்று ஆய்வுகள் சொல்வதாக அந்த நிறுவனமே அறிக்கை விட்டது. நீதிமன்றம் போகாமலே முடிந்த வழக்கு இது.

இங்கேதான் உங்கள் மூன்றாவது கேள்வி வருகிறது: உடம்புக்குக் கெடுதல் இல்லையா?

இதில் நான் இயக்கத்தோடு முழுக்கச் சேரமாட்டேன். உடல் எடை கூடக்கூட இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், மூட்டுத் தேய்மானம், தூக்கத்தில் மூச்சுத் திணறல் போன்றவை அதிகம் காணப்படுகின்றன என்பது உண்மை. இயக்கத்தின் சில எழுத்துகள் இதை ஒதுக்கித் தள்ளும்போது எனக்கு நெளிவாக இருக்கும். அதே சமயம் அவர்கள் சுட்டிக்காட்டுகிறவற்றில் பாதிக்கு மேல் சரி. டயட் இருந்து குறைத்த எடை பெரும்பாலானவர்களுக்குச் சில வருடங்களில் திரும்பி வந்துவிடுகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த கேத்தரின் ஃப்ளீகல் 2013இல் 97 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிஎம்ஐ 25 முதல் 30 வரை உள்ளவர்களின் இறப்பு விகிதம் ‘சாதாரண’ எடைக்காரர்களைவிடச் சற்றுக் குறைவாக இருந்தது. 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த இன்னொரு பெரிய தொகுப்பு, புகைப்பவர்களையும் ஏற்கெனவே நோயுற்றவர்களையும் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டு, அப்படி இல்லை என்றது. சண்டை அங்கேயே நிற்கிறது. டாக்டர்கள் சங்கமான அமெரிக்க மெடிக்கல் அசோசியேஷனே 2013இல் பருமனை நோய் என்று அறிவித்துவிட்டு, 2023இல் பிஎம்ஐயை மட்டும் வைத்துத் தனிமனிதரை எடைபோட முடியாது என்றும் சொல்லியிருக்கிறது.

ஆனால் இந்தச் சண்டையில் யார் ஜெயித்தாலும், அந்த ஏரோபிக்ஸ் ஆசிரியைக்கு வேலை கொடுக்கலாமா கூடாதா என்பதற்கு அதில் பதில் இல்லை. வானின் வாதத்தில் அசைக்க முடியாத பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். சிகரெட் பிடிக்கிறவருக்கு வீடு கொடுக்கிறோம், மலையேறிக் கால் உடைகிறவருக்குக் கட்டுப் போடுகிறோம். ஆரோக்கியமாக இரு, அப்புறம் மரியாதை தருகிறேன் என்று வேறு யாரிடமும் நிபந்தனை போடுவதில்லை. ஒரு குண்டு மனிதரைப் பார்த்த மாத்திரத்தில் உறுதியாகக் கண்டுபிடிக்கக்கூடியது ஒன்றே ஒன்று, பார்க்கிறவருக்குக் குண்டானவர்கள் மேல் எவ்வளவு வெறுப்பு இருக்கிறது என்பது மட்டுமே: இது வான் எழுதிய வரியின் சாரம், இந்த இயக்கத்தைப் பற்றிய எழுத்துகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவதும் அது.

ஒப்பிட்டுப் பாருங்கள். வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2019இல், பருமன் என்பதே அந்த மாநிலச் சட்டப்படி உடல் குறைபாடுதான், ஆகவே பாகுபாடு காட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பலன் நல்லதுதான். ஆனால் பாதுகாப்புப் பெற நோயாளி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சான் பிரான்சிஸ்கோ வழியில் அந்த வாக்குமூலம் தேவையில்லை. உங்கள் எடை உங்கள் எடை, அவ்வளவுதான். 2023 மே மாதம் நியூயார்க் நகரம் எடையையும் உயரத்தையும் தன் சட்டத்தில் சேர்த்தபோது எடுத்ததும் இந்த இரண்டாவது வழியைத்தான். அந்தக் காப்பீட்டுக் கடிதம் என்ன ஆயிற்று என்றால், ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 2014 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், உடல்நிலையைக் காரணம் காட்டி அப்படிக் கதவடைக்க முடியாமல் போயிற்று. அதற்கு வானின் இயக்கம் காரணம் இல்லை, வேறு பெரிய அரசியல் அது.

2012இல் நடந்தது ஒன்று. ஜார்ஜியா மாநிலத்தில் குழந்தைப் பருமனுக்கு எதிராக ஒரு பிரசாரம். கறுப்பு வெள்ளையில், சோகமான முகத்தோடு குண்டுக் குழந்தைகளின் படம், கீழே ‘எச்சரிக்கை’ என்று சிகரெட் பெட்டி மாதிரி வாசகம். பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே கேலி வாங்கும் குழந்தைக்கு ஊர் நடுவில் பலகையும் வைத்தால் எப்படி இருக்கும்? வான் அதே அச்சில் தன் படத்தைப் போட்டு, எடையைக் காட்டி நடக்கும் கொடுமைகளுக்கு எதிராக நிற்கிறேன் என்று போஸ்டர் செய்தார். மற்றவர்களையும் படம் அனுப்பச் சொன்னார், அனுப்பினார்கள். பழைய உடற்கூறு பாடத்தின் அதே உத்தி: எதிராளியின் சட்டகத்தை எடுத்து, உள்ளே இருக்கிற முகத்தைச் சிரிக்க வைப்பது.

குறை இல்லாமல் இல்லை. இந்த இயக்கத்தின் முகமாக வெளியே தெரிந்தவர்கள் பெரும்பாலும் படித்த வெள்ளைக்காரப் பெண்கள், வானும் அதில் ஒருவர். 1972லேயே ஜானி டில்மன் என்ற கறுப்பினப் பெண்மணி, ஏழைகளுக்கான உதவித்தொகை உரிமைக்காகப் போராடியவர், தான் ஒரு பெண், கறுப்பினப் பெண், ஏழை, குண்டு, நடுவயதுக்காரி, அரசு உதவியில் வாழ்கிறவள் என்று ஒவ்வொன்றாக அடுக்கி, இதில் எது ஒன்றாக இருந்தாலும் இந்த நாட்டில் உன்னை மனுஷியாகக் குறைத்துத்தான் மதிப்பார்கள் என்று எழுதினார். அவருக்கு எடை தனியாக வந்த சுமை இல்லை. ‘அதுக்கென்ன?’ என்று தோளைக் குலுக்க, தோளில் வேறு பாரம் இல்லாமல் இருக்க வேண்டும். குண்டு உடல் மீதான வெறுப்பின் வேர் அடிமை வணிகக் காலத்து நிறவெறியில் இருக்கிறது என்று சப்ரினா ஸ்டிரிங்ஸ் 2019இல் ஒரு முழு நூலே எழுதினார். வானின் புத்தகத்தில் இந்த ஆழம் கிடையாது.

எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டீர்கள். ‘ஃபேட்! ஸோ?’ பழைய புத்தகமாகக் கிடைத்தால் வாங்குங்கள், நேராகப் படங்களுக்குப் போங்கள், ஆரோக்கியம் பற்றிய பகுதியை 1998இல் எழுதியது என்ற ஞாபகத்தோடு படியுங்கள். கொஞ்சம் கனமாக வேண்டுமென்றால் எஸ்தர் ராத்பிளம், சோண்ட்ரா சொலோவே தொகுத்து நியூயார்க் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2009இல் கொண்டுவந்த ‘தி ஃபேட் ஸ்டடீஸ் ரீடர்’. 40 கட்டுரைகள், எல்லாம் படிக்க வேண்டாம். முன்னுரை எழுதியது வான், மேலே சொன்ன அந்த வரி அதில்தான் இருக்கிறது. அதை முடித்துவிட்டு ஸ்டிரிங்ஸ் நூலுக்குப் போனால், வான் விட்ட இடம் எது என்று உங்களுக்கே தெரியும்.